ஒபுரா கேட்ட இரைச்சல்

ஒபுரா கடைக்குள் காலை வைத்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். கென்யாவில் கிசுமு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒயர், பிளக், மைக், ஸ்பீக்கர் எல்லாம் விற்கிற கடை என்னுடையது. மற்றவர்கள் வந்தால் கேட்பார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள். இந்த மனிதர் நாலு மீட்டர் மைக் கேபிள் வாங்க வந்து அரை நாளைத் தின்றுவிடுவார். பெண் பார்க்க வந்த இடத்தில் குறை கண்டுபிடிக்கிற மாப்பிள்ளையின் அத்தை மாதிரி ஒவ்வொரு ரோலாகத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்.

முதலில் நுனியை விரலில் சுற்றி விடுவார். சுருண்டபடியே நின்றால் அந்த ரோல் வேண்டாம். தளர்ந்து படுத்தால்தான் அடுத்த சோதனை. என்னிடமே பிளேடு வாங்கி, என் சரக்கின் தோலையே இரண்டு விரல்கடை உரிப்பார். உள்ளே இரண்டு கம்பிகளைச் சுற்றிச் செம்புப் பின்னல் ஒன்று இருக்கும். அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்து, பின்னலின் இடைவெளியில் உள்கம்பியின் நிறம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்துவிட்டால், "இது வலையா? இதுல போட்டா யானை அளவு மீனே தப்பிச்சிடும்" என்று பத்துப் பேர் நடுவில் சொல்வார். கடைசியாக ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுவார். சுரண்டச் சுரண்டச் சிவப்பாகவே இருந்தால் செம்பு. வெள்ளை தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. அப்படி ஒருமுறை தெரிந்தபோது, பவுடர் போட்ட மூஞ்சியைக் காட்டி ஏமாற்றப் பார்க்கிறாயே என்று என்னைப் பார்த்தே சொன்னார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அது என் மனதில் முள்ளாகக் கிடந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறைத்தேன் என்று வேண்டாம்.

ஆனால் வாங்கி முடித்ததும் ஆளே மாறிவிடுவார். எங்கள் லுவோ ஜனங்களின் பாட்டுக் கச்சேரியில் யாராவது எழுந்து பாட்டை நிறுத்தி, தன் பெருமையையும் நண்பனின் பெருமையையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஆட விடுவார்கள். ஒபுரா அதை என் கடையிலேயே செய்வார். கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கையை உயர்த்துவார்.

"நிறுத்துங்கப்பா. நான் செமே மண்ணுக்காரன். ஊரெல்லாம் கண்ணால வாங்கும், நான் காதால வாங்குறவன். இவ உயோமாப் பொண்ணு அகெலோ. ஏமாத்தத் தெரியாததால இன்னும் பணக்காரியாகாதவ."

"போதும் அவினோ அப்பா. காசக் குடுத்துட்டு இடத்தக் காலி பண்ணுங்க."

அவினோ அவருடைய மகள், அவள் பெயரை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவேன். இப்படிப் பதினைந்து வருஷம். எரிச்சலுக்கும் பாசத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வராத மாதம் கடை வெறிச்சென்று இருக்கும்.

செமேயில் ரேடியோ ரிப்பேர் செய்து பிழைக்க ஆரம்பித்தவர். பிறகு கல்யாணத்துக்கும் சாவுக்கும் மைக் செட் கட்டும் கும்பலோடு சுற்றினார். அந்த வருமானத்தில் கிசுமுவின் கொண்டெலேப் பக்கம் ஒற்றை அறை எடுத்து, சுவரெல்லாம் பழைய கம்பளி அடித்து, ஸ்டுடியோ என்று பலகை மாட்டினார். ஒரு பக்கம் வெல்டிங் பட்டறை, எதிர்ப்பக்கம் செல்போன் கோபுரம். இதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. ஆனால் வாடகை அதற்குத்தான் கட்டுப்படியானது. மைக்கிலிருந்து வருகிற குரல் கைக்குழந்தையின் மூச்சு அளவுதான், வழியில் எது வேண்டுமானாலும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பார். அதனால்தான் கேபிளில் அத்தனை பிடிவாதம். மெஷின்கள் எல்லாம் கைமாறி வந்த பழசு. கேபிளும் காதும் மட்டும் அவருடைய சொந்த முதல்.

அந்தக் காதைப் பற்றி ஊரில் கதையே உண்டு. இரண்டு வீடு தள்ளி ஃபிரிட்ஜ் ஓடினால் ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, போய் அணைக்கச் சொல்லிக் கெஞ்சிவிட்டு வருவார். அவர் மனைவி அபொண்டி அலுத்துக்கொள்வாள், பருப்பு வேகிற சத்தத்தை வைத்தே உப்புப் போட்டேனா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்று. பாடகர்கள் அவரைத் திட்டிக்கொண்டே அவரிடமே வருவார்கள்.

பதினைந்தாவது வருஷம் நைரோபி வியாபாரி அனுப்பிய சரக்கில் மைக் கேபிள் மூன்று ரோல் வந்தது. மேல்தோலில் வழக்கமான எழுத்து, வழக்கமான நிறம். ஒபுராவைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டதால் ஒரு இழையைச் சுரண்டினேன். வெள்ளை. பின்னலும் ஈ போய்வரும் அளவுக்குக் கண்ணி. வியாபாரிக்குப் போன் போட்டேன், சரக்கு வண்டி ஏறினால் என் பொறுப்பு இல்லை என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சர்ச்சுக்காரர்களுக்கும் கச்சேரி நடக்கிற பார்களுக்கும் நல்லது என்று சொல்லியே வெட்டி விற்றேன். அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தெரியாதவனுக்கு விற்றால் பாவம் இல்லை என்று நானே எனக்கு ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன்.

ஒபுராவுக்கு மட்டும் அதைக் காட்டவில்லை. அவருக்கென்று பழைய நல்ல ரோல் ஒன்று இருந்தது. அதிலிருந்தே வெட்டிக் கொடுத்தேன். அதுவும் ஒருநாள் தீர்ந்தது.

தீர்ந்த மறுவாரம், ஒரு வியாழக்கிழமை காலை அவரிடமிருந்து போன். முந்தின வாரம் வாடகை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு இருந்தார். பாடகன் ஒகாலோ உகென்யாவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான், சனிக்கிழமை அடக்கம் ஆகப்போகிற ஒரு தாய்க்குப் பாட்டு, இன்றே பதிந்தாக வேண்டும். பாடுகிற மைக்குக்கு என்று வைத்திருந்த நீளக் கேபிளை எலி கடித்துவிட்டது.

"என்னால வர முடியாது, அகெலோ. ஆறு மீட்டர் வெட்டி, ரெண்டு முனையும் நீயே பத்தவெச்சு ஆள்கிட்ட குடுத்தனுப்பு. உன் கையும் என் கையும் ஒண்ணுதான்."

இரண்டு கடை தள்ளி நல்ல கேபிள் இருந்தது. எனக்குத் தெரியும். போய்க் கேட்டால் அவன் கூடுதல் விலை சொல்வான், உன் கடையில் இல்லையா என்று ஒரு சிரிப்பும் சிரிப்பான். அது ஒரு காரணம். இன்னொன்று அதைவிடக் கேவலம். பவுடர் போட்ட மூஞ்சி என்று பத்துப் பேர் நடுவில் சொன்னாரே, அந்தப் பெரிய காது இதைக் கண்டுபிடிக்கிறதா பார்ப்போம் என்று நினைத்தேன். பிடிக்காவிட்டால் ஒருநாள் அவர் முன்னால் ரோலைப் போட்டு, சிரித்து, கணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கெட்ட ஆசை. புது ரோலில் ஆறு மீட்டர் வெட்டினேன். அலுமினியத்தில் ஈயம் சரியாக ஒட்டாது. திரும்பத் திரும்ப உருக்கி ஒட்டவைத்தேன். முனைகளைப் பூட்டிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? மோட்டார் சைக்கிள்காரன் வாங்கிக்கொண்டு போனான்.

அந்தக் காது கண்டுபிடித்துவிட்டது.

மதியம் போன் அடித்தது. பின்னால் கித்தாரைச் சுருதி சேர்க்கிற சத்தம் கேட்டது.

"அகெலோ, ஒரு இரைச்சல் வருது. மெல்லிசா, அடியில. இவனுங்க யாருக்கும் கேக்கல. எனக்குக் கேக்குது. இந்தக் கேபிள் அதே ரோல்தானா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரோல் வேறு, மன்னித்துக்கொள்ளுங்கள், நல்லதை வாங்கி அரை மணியில் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் திட்டோடு போயிருக்கும். கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வாய் தானாகப் பொய் சொன்னது.

"அதே ரோல்தான். சத்தியம் பண்ணணுமா?"

"வேணாம்மா. நீ சொன்னா போதும். அப்ப வேற எங்கியோதான் கோளாறு."

அதற்குப் பிறகு நடந்ததை டிரம் வாசித்தவன் எனக்குச் சொன்னான். ஒபுரா கேபிளைத் தொடவே இல்லை. அது நல்லது என்று முடிவாகிவிட்டதே. மிக்ஸரைப் பார்த்தார், மைக்கை மாற்றினார், வெல்டிங் பட்டறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னார். இரைச்சல் போகவில்லை. ஒகாலோ வந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. போதும் அண்ணே, அழுகைப் பாட்டில் யார் இரைச்சலைக் கேட்கப்போகிறார்கள் என்று கெஞ்சினான். கடைசியில் ஒபுரா கித்தார் ஆம்ப்ளிஃபையரின் பிளக்கைத் திறந்து எர்த் கம்பியை வெட்டினார்.

இரைச்சல் வந்தால் எங்கள் ஊரில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான் அது. பாதி சர்ச்சுகளில், முக்கால்வாசி பார்களில், ஆம்ப்ளிஃபையருக்கு எர்த் கிடையாது. இரண்டு மெஷினும் தனித்தனியாக மண்ணைத் தொட்டால் அவற்றுக்குள் ஒரு சுற்று உண்டாகும், அதில் இரைச்சல் ஓடும்; நல்ல பின்னல் அதைக் குரலுக்குள் விடாது, நான் அனுப்பியது விட்டுவிட்டது. ஒன்றைப் பிரித்துவிட்டால் சட்டென்று அடங்கும். அப்படிச் செய்கிறவர்களை ஒபுரா வாய்க்கு வந்தபடி திட்டுவார். எர்த் என்பது ஆளைக் காப்பதற்கு, இரைச்சலுக்கு அல்ல என்பார். அன்று ஒரே ஒரு பாட்டுக்குத்தானே என்று அவரே வெட்டினார். இரைச்சல் நின்றது. எல்லாரும் கை தட்டினார்களாம்.

அந்த ஆம்ப்ளிஃபையர் கிழட்டுப் பெட்டி. உள்ளே எங்கோ மின்சாரம் பெட்டியின் தகட்டில் கசிந்துகொண்டிருந்தது. அதுவரை எர்த் கம்பி அதை மண்ணுக்குள் வடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது அது கித்தாரின் கம்பிகளில் வந்து நின்றது. ஒகாலோ இடது கையால் கித்தார்க் கம்பிகளை அழுத்திப் பிடித்தபடி, உயரம் சரியில்லை என்று வலது கையால் மைக்கைப் பிடித்து இழுத்தான். கை இரண்டும் இறுகிக்கொண்டன. வாய் திறந்தபடி நின்றது, சத்தம் வரவில்லை. அவன் ஏதோ நடிக்கிறான் என்று ஒரு நொடி எல்லாரும் நினைத்தார்களாம். ஒபுராவுக்குத்தான் முதலில் புரிந்தது. மெயின் சுவிட்ச் எதிர்ச் சுவரில். ஊன்றுகோலை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் குதித்துப் போனார், நடுவில் விழுந்தார், தவழ்ந்து போய் அணைத்தார். ஒகாலோவுக்கு வயது முப்பத்தொன்று. மூன்று குழந்தைகள்.

போலீஸ் வந்து ஆம்ப்ளிஃபையர், மிக்ஸர், கம்ப்யூட்டர், கேபிள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. ஒபுராவை நாலு நாள் வைத்திருந்து விட்டார்கள். விபத்து என்று எழுதி முடித்தார்கள். ஒகாலோவின் வீட்டார் வழக்கு வேண்டாம் என்றார்கள், ஆனால் அவன் உயிர் யார் கையால் போனதோ அந்த ஆள் எங்கள் வளவுக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அடக்கத்தன்று ஒபுரா உகென்யாவுக்குப் போய், வேலிக்கு வெளியே ஊன்றுகோலில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

நான் ஒரு மாதம் தூங்கவில்லை. போலீஸ் கேபிளைப் பிரித்துப் பார்க்கும், என்னைத் தேடி வரும் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அவர்களுக்கு ஆம்ப்ளிஃபையர் பிளக்கே போதுமானதாக இருந்தது. மீதி இருந்த புது ரோல்களைக் கட்டி மேல்தட்டில் போட்டேன். பயம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியதும், வெட்டியது அவர்தானே, நான் இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒபுரா ஸ்டுடியோவை மூடிவிட்டார். வீட்டு வாசலில் சாக்கு விரித்து டார்ச்சும் குடையும் மண்ணெண்ணெய் அடுப்பும் ரிப்பேர் செய்தார். ஆனால் மாதம் ஒருமுறை என் கடைக்கு வருவார். எதுவும் வாங்க மாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார், எழுந்து போகும்போது கேட்பார்.

"அன்னிக்கு அதே ரோல்தானே?"

"அதே ரோல்தான்."

முதலில் எனக்கு அவர் ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை. சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். அபொண்டிதான் விளக்கினாள். நல்ல கேபிளில் அப்படி ஒரு இரைச்சல் வரவே வராது. பாண்டுக்காரர்கள் யாருக்கும் அது கேட்கவில்லை. பதிந்ததைப் போட்டுக் கேட்கலாம் என்றால் கம்ப்யூட்டரைப் போலீஸ் திருப்பித் தரவில்லை. ஆகவே அந்த இரைச்சல் தன் காதுக்குள்தான் இருந்திருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். இல்லாத ஒன்றைக் கேட்டு, அதை நிறுத்துவதற்காக ஒரு ஆளைக் கொன்றிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை, இந்த வயதுக்கு இப்படிக் காது பார்த்ததில்லை என்றாராம் டாக்டர். அதை அவர் நம்பவில்லை.

"தண்ணி கொதிக்குதான்னு எங்கிட்ட கேக்குறாரு அக்கா" என்றாள் அபொண்டி. "வாசல்ல யாராவது கூப்பிட்டா, நெஜமா கூப்பிட்டாங்களான்னு அவினோகிட்ட கேக்குறாரு."

அவள் அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை போதும், அந்த மனிதருக்கு அவருடைய காது திரும்பக் கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தைக்குப் பதில் இரண்டு திலாப்பியா மீனை வாழையிலையில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் மீன் அனுப்பினேன். ஒரு வெட்கம் கெட்ட பிராயச்சித்தம்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒருநாள் ஒபுரா வழக்கத்துக்கு மாறாகச் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். உகென்யாவிலிருந்து வருகிறேன் என்றார். ஒகாலோவின் மனைவியைப் பார்த்தாராம். அவளும் அவனுடைய அண்ணனும் வேலியோரம் வந்து நின்று கேட்டார்களாம். உங்கள் ஆள் செத்தது விபத்தால் இல்லை, இரைச்சலே இல்லை, என் காது பொய் சொன்னது, அதை நம்பிக் கம்பியை வெட்டினேன் என்று சொன்னாராம். அண்ணன் அவர் காலடியில் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டான்.

"சொல்லிட்டேன், அகெலோ. நெஞ்சு கொஞ்சம் லேசாச்சு" என்று சொல்லிவிட்டு டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. செய்யாத குற்றத்தை இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் ஒப்புக்கொண்டு, துப்பலையும் வாங்கிக்கொண்டு, நெஞ்சு லேசானது என்கிறார். மறுநாள் காலை கடையைத் திறக்காமல், மேல்தட்டு ரோலிலிருந்து ஒரு சாண் வெட்டி இடுப்புத் துணியில் முடிந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அபொண்டி சந்தைக்குப் போயிருந்தாள். அவர் வாசலில் ஒரு குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். துண்டை அவர் முன்னால் சாக்கில் வைத்தேன். இதுதான் அன்றைக்கு அனுப்பியது என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கேபிளை எடுத்தார். விரலில் சுற்றினார், அது சுருண்டு நின்றது. தோலை உரித்தார். வெயிலில் பிடித்துப் பின்னலைப் பார்த்தார். ஒரு இழையைச் சுரண்டினார். நீண்ட நேரம் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப இரைச்சல் இருந்துச்சு" என்றார்.

"இருந்துச்சு."

"என் காது சரியாத்தான் கேட்டுச்சு."

"சரியாத்தான் கேட்டுச்சு, அவினோ அப்பா."

அவர் முகத்தில் ஒரு நொடி வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அதைப் பார்த்து நானும் பைத்தியக்காரி போல் சிரிக்கப் போனேன். அது உடனே அணைந்தது.

"கேபிள்தான் கோளாறுன்னு அது எனக்குச் சொல்லிடுச்சு. அதனாலதான் உனக்குப் போன் பண்ணேன். அது சொன்னத விட்டுட்டு நீ சொன்னத நம்பிட்டேன்."

அவர் கத்தியிருந்தால், அந்தக் குடைக் கம்பியால் அடித்திருந்தால், எனக்கு நல்லதாக இருந்திருக்கும். நான் அழுதேன், காலைத் தொடப் போனேன், கொன்றவள் நான்தான் என்றேன். இல்லை என்று தலையாட்டினார். கேபிள் கெட்டதென்றால் பாட்டு கெடும், ஆள் சாக மாட்டான், எர்த்தை வெட்டியது என் கை, அதில் யாருக்கும் பங்கு கிடையாது என்று சாதாரணமாகச் சொன்னார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"உகென்யாவுக்கு ஒரு தடவ வந்து சொல்லு. சத்தம் இருந்துச்சு, இவன் பைத்தியம் இல்லன்னு. அவங்க என்ன மன்னிக்க வேணாம். என் காதப் பத்தி நானே அங்க போய்ப் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். அது அவங்க மனசுல அப்படியே நிக்கக் கூடாது."

வருகிறேன் என்றேன். அடுத்த சனிக்கிழமையே போகலாம் என்றேன். சத்தியமாக அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை நைரோபியிலிருந்து சரக்கு வந்தது. அடுத்த வாரம் மழை, பாலத்தில் தண்ணீர். அதற்கடுத்த வாரம் என் தங்கை வீட்டில் விசேஷம். பிறகு காரணம் தேடவும் அலுத்துவிட்டது. சொன்னால் யார் என் கடையில் ஒயர் வாங்குவார்கள்? அந்த ரோலை விற்ற சர்ச்சுகள் வந்து வாசலில் நிற்காதா? அந்தத் துப்பல் என் காலடியிலும் விழாதா? ஒபுரா நினைவுபடுத்தவே இல்லை. கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அபொண்டியிடம் எதுவும் சொல்லவில்லை என்பது அவள் என்னிடம் பழையபடி பேசியதிலிருந்து தெரிந்தது.

போன பெருமழைக் காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பத்தாவது நாள் போய்விட்டார். செய்தி வந்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஒரு நிம்மதி. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அழுகை பிறகுதான் வந்தது.

செமேயில் அவர் அப்பாவின் வளவில் அடக்கம். எங்கள் வழக்கப்படி குழியில் இறக்குவதற்கு முன் பெட்டியின் அருகே மைக் வைத்து எல்லாரும் பேசுவார்கள். புகழலாம், கோபித்துக்கொள்ளலாம், குற்றம் சாட்டலாம். மண் விழுவதற்குள் சொல்லியாக வேண்டும், விழுந்த பிறகு சொல்வதற்கு மதிப்பில்லை. பாடகர்கள் பேசினார்கள், டிரம் வாசித்தவன் பேசினான். பிறகு கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒகாலோவின் அண்ணன் எழுந்து வந்தான். அவன் வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினான். இந்த மனிதர் தன் வாயாலேயே எங்களிடம் ஒப்புக்கொண்டார். இல்லாத ஒரு சத்தத்துக்காக என் தம்பியைக் கொன்றேன் என்றார். அவரை மன்னிப்பதற்காகத்தான் இன்று வந்தேன், புத்தி பேதலித்த ஆளிடம் எவ்வளவு நாள் கோபம் வைத்திருப்பது என்றான். கூட்டம் ஆமாம் ஆமாம் என்று முனகியது. பெரியவர் ஒருவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அபொண்டி பெண்கள் பக்கம் திரும்பி என்னைத் தேடினாள். மைக்கை அவளே எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்க பேசுங்கக்கா. அவரு எதுக்கெடுத்தாலும் உங்க பேச்சத்தான் நம்புவாரு."

எழுந்தேன். ஒகாலோவின் அண்ணன் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். பெட்டி மூடித்தான் இருந்தது. குழியின் விளிம்பில் மண்வெட்டிகளோடு நாலு பேர் காத்திருந்தார்கள். என் கடை வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று என் கண் தானாக எண்ணியது.

ஒபுரா பதினைந்து வருஷம் என் கடைக்கு வந்தவர் என்றேன். நல்ல மனிதர் என்றேன். அவர் ஆத்மா சாந்தியடையட்டும் என்று சொல்லி, மைக்கைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவளும் பேசி முடித்த பிறகு பெட்டியை இறக்கினார்கள்.